ஸஹீதா ராத்தா கேட்ட ‘ஏன்’

தலைவர் நளீர் சேர் அவர்களே, நூலகக் குழுவினரே, ஸஹீதா ராத்தாவின் குடும்பத்தவரே, ஓட்டமாவடிப் பெருமக்களே, உங்கள் எல்லோர்மீதும் சாந்தி உண்டாவதாக.

பகலெல்லாம் மருந்துக்கடையில் நின்று வேலை செய்த, நம்மைவிட்டுப் பிரிந்த மர்ஹூமா ஸஹீதா ராத்தா, ஞாயிறு பின்னேரங்களில் நூலக மாடியில் எங்களோடு ஸ்பானிய மொழி படித்தார். அவரும் எங்களைப் போல முதல் பாடத்திலிருந்துதான் தொடங்கினார். ஆனால் எங்கள் படிப்பு வட்டத்தின் அமைப்பாளர் அவரே. புத்தகத்தின் கடைசியிலிருந்த விடைப் பக்கங்களை முதல் நாளே ஸ்டேப்ளர் அடித்து மூடியவரும் அவரே.

ஏன் மூடினார்? அந்த மொழியில் ஒவ்வொரு வசனமும் ஒரு தெரிவு. ‘பழைய’ என்ற பெயரடையை ‘நண்பன்’ என்ற சொல்லுக்கு முன்னால் வைத்தால் நெடுநாள் நண்பன். பின்னால் வைத்தால் வயதான நண்பன். ‘வீடு’ என்ற சொல்லுக்கு முன் வரும் சிறு சொல், தெரிந்த வீடா, ஏதோ ஒரு வீடா என்று காட்டும். மழை பெய்கிறது என்பதற்கு ஒரு வினைவடிவம். பெய்ய வேண்டுமென்று ஆசைப்படுவதற்கு இன்னொன்று. எதைத் தெரிவுசெய்தாலும் ராத்தா “ஏன்?” என்று கேட்பார். பிறகு விடைப் பக்கத்தைப் பிரித்துத் திருத்தும்போது, காரணம் வராவிட்டால் சரியான விடைக்கும் சரி போடமாட்டார்.

பாசிக்குடா ஹோட்டலில் வேலை செய்யும் றமீஸ் காக்கா பிழையாக எழுதிவிட்டுக் கால்மணி நேரம் காரணம் சொல்வார். “ஸுஹைனா சரியா எழுதிப்போட்டு வாய மூடுவா. நான் பிழையா எழுதிப்போட்டு வாயத் திறப்பன்” என்று என்னைச் சீண்டுவார்.

சற்றுமுன் இந்த இரங்கல் கூட்டத்தில் தலைவர் அடுத்த அமைப்பாளராக என் பெயரை முன்மொழிந்தார். என் கொப்பியில் பிழைக்கு இடும் சிவப்புக் கோடே இல்லை என்றார். உண்மை. ஒரு சரி அடையாளமும் இல்லை. அதை எவரும் பார்க்கவில்லை. இந்த உரை முடிந்ததும் தீர்மானம் நிறைவேறுமாம்.

அதற்கு முன் நான் சொல்லியாக வேண்டும். அதே புத்தகம் என் தொலைபேசியில் இருந்தது. விடைகளை அதில் பார்த்தே எழுதினேன்.

ராத்தாவுக்குத் தெரிந்திருந்தது. ஒருநாள் எல்லோரும் போனபின் படியில் என்னை மறித்தார்.

“தங்கச்சி, விடை எங்கால வந்த எண்டு நான் கேக்கல்ல. வாற ஞாயிறு ஒரு வசனத்துக்காவது காரணத்தோட வா.”

அந்த ஞாயிறு வயிற்றுவலி என்று பொய் சொல்லி வீட்டில் இருந்துவிட்டேன். செவ்வாய் காலை அவர் மௌத்தாகிவிட்டார். இனி யாரிடம் போய்ச் சொல்வேன்?

அல்லாஹ் அவருடைய கப்றை விசாலமாக்குவானாக.

தலைவர் அவர்களே, தீர்மானத்தில் என் பெயரை வெட்டிவிடுங்கள். றமீஸ் காக்காவின் பெயரை எழுதுங்கள். வருகிற ஞாயிறு தொலைபேசியை வீட்டில் வைத்துவிட்டு வருவேன். பிழை விடுவேன். ஏன் என்று அவர் கேட்கட்டும். எல்லோர் முன்னாலும் நின்று சொல்வேன்.