நிழல் பள்ளத்துப் பனி

கிட்ட வந்து உட்காருங்கள் கண்ணுகளா, ஒரு மலைக்கதை சொல்கிறேன். ஜப்பானின் வடக்கு மலைகளில், நவம்பர் பிறந்து முதல் பெரும்பனி கொட்டி ஓய்ந்த காலை. மலைவிடுதி நடத்தும் ஹருயே அடுப்பில் மிசோ சூப்பைக் கிளறிக்கொண்டிருந்தாள். சறுக்குப் பலகைகளோடு மூன்று விருந்தாளிகளை முகட்டுக்கு அழைத்துப் போயிருந்த அவள் தம்பி இசாமுவிடமிருந்து போன் வந்தது.

"ஹலோ… இசாமுவா? முகட்டுக்கு வந்தாச்சா?… சரி, சரி… எந்தப் பக்கம் இறங்கப்போற?… என்னது, நிழல் பள்ளத்துலயா? வேண்டாம்டா!…

ஆமா, ஆமா, அங்கதான் சறுக்கற அளவுக்குப் பனி இருக்கு. ஏன் இருக்கு? வெயிலே படாததால போன மாசம் விழுந்தது அங்க மட்டும்தான் கரையாம கிடக்கு. நேத்து ரெண்டு பேரும் தோண்டிப் பார்த்தோமே! அடியில சர்க்கரை மாதிரி பொலபொலன்னு உன் கையிலதானே உதிர்ந்துச்சு? அதுமேல புதுப்பனியைக் காத்து கொண்டுவந்து அப்பி வெச்சிருக்கு. காலை வெச்சா மொத்தமும் நழுவும்…

வெயில் பக்கம் போ… தெரியும்டா, அங்க பனி கம்மி, மூங்கில் புல்லு நீட்டிக்கிட்டிருக்கும், பலகை கீறும். தோள்ல தூக்கிட்டு நடங்க… யாரு சிரிப்பாங்க? வழிகாட்டி ஆளுங்களை நடக்க வெச்சான்னா?… சிரிக்கட்டுமே. சாயங்காலம் நானும் சேர்ந்து சிரிக்கறேன், நீ உசுரோட என் முன்னாடி உக்காந்திரு…

அங்க என்ன கூச்சல்?… யாரு, உன்கூட வந்த அந்தக் குசாகா பையனா? இறங்கிட்டானா? ஐயோ!… எவ்வளவு தூரம்?… நீ போகாதே! யாரும் பின்னாடி போகாதீங்க… அவனைப் பதற வெக்காதே, மெதுவா சொல்லு. வந்த தடத்துலயே, ஓரமா, பாறைப் பக்கம்… ம்… ம்… கை எட்டுதா?… நீ எதைப் பிடிச்சுக்கிட்டிருக்க?… ம்…

அது என்னடா 'தொம்'முனு?… இசாமு! பேசுடா!… ஹலோ!…"

மணல் லாரிகள் வரிசையாகக் கொட்டுவது போன்ற இரைச்சல் மட்டும் அவள் காதில் விழுந்தது. கரண்டியைக் கீழே வைக்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

"…ஆங்! கேக்குது, கேக்குது… பள்ளம் மொத்தமும் சரிஞ்சிடுச்சா?… அதை விடு. ஒவ்வொருத்தரா பேர் சொல்லிக் கூப்பிடு. எனக்குக் கேக்கற மாதிரி கூப்பிடு!… ம், நீஹாரா அம்மா… ஒதகிரி ஐயா… குசாகா?… குசாகா எங்கடா?… மறுபடி கூப்பிடு!…

…ஆ… உன் பக்கத்துலயேவா? அழறானா? அழட்டும், பாவம். நீ திட்டாதே, வந்ததும் நான் திட்டிக்கறேன்… ஆமா, ஆமா… உனக்கும் இருக்கு, கவலைப்படாதே… பலகையைத் தோள்ல போட்டுக்கிட்டு வெயில் பக்கமா நடங்க… இல்ல, பேசிக்கிட்டே நடக்கக் கூடாது. ரெண்டு கையும் வேணும் உனக்கு… போனை வெக்கறியா இல்லையா? வைடா!"

உங்கள் வீட்டிலிருந்து வெளியே போனவர்களைப் பேர் சொல்லிக் கூப்பிடும்போதெல்லாம், ஒரு குரலும் குறையாமல் பதில் வரட்டும், கண்ணுகளா.