கரண்ட் பஞ்சம்

காலையில் எழுந்ததும் நான் முதலில் பார்ப்பது பேட்டரி மீட்டரை. வானத்தைப் பிறகுதான் பார்ப்பேன். படகிலேயே குடியிருப்பவர்கள் பெரும்பாலும் அப்படித்தான். மீட்டரைப் பார்ப்பேன். கெட்டிலை அடுப்பில் வைப்பேன். சோலார் தகடுகளில் படிந்த உப்பை ஈரத்துணியால் துடைப்பேன். எதை எப்போது சார்ஜ் போடலாம் என்று வரிசை சொல்வேன். முதலில் டேப்லெட், கடல் வரைபடம் அதில் இருக்கிறது. அப்புறம் விளக்குகள். கடைசியில் நெரிடாவின் போன். ரொட்டியை வாட்டி வெஜிமைட் தடவி முடிக்கும்போது ஏழரை ஆகியிருக்கும்.

படகை விற்றுவிட்டேன். இப்போது கரையில், மக்காய் நகரில் ஒரு வாடகை அறை. எழுந்ததும் மீட்டர் இருந்த உயரத்துக்குக் கண் போகிறது. அங்கே வெறும் சுவர்தான்.

சார்ஜென்ட், பதினான்கு மாதங்களுக்கு முன் நான் கொடுத்த வாக்குமூலம் உங்கள் கோப்பில் இருக்கிறது. அதில் சில இடங்களைத் திருத்த வேண்டும்.

நான் எலெக்ட்ரிகல் இன்ஜினியர். என் மனைவி நெரிடா ஆறாம் வகுப்பு ஆசிரியை. இரண்டு வருடம் விடுப்புப் போட்டுவிட்டு என்னுடன் படகில் வந்தாள். எங்கள் படகு ‘வராட்டா’வின் வயரிங் முழுக்க என் கைவேலை. பிளக் பாயிண்டுகள் இரண்டு வரிசை. வலது வரிசை என் மேஜைக்கு மேலே. இடது வரிசை அவள் படுக்கைக்குப் பக்கத்தில். அவளுடைய போன், மின்விசிறி, கரைக்குப் போகும்போது கொண்டுபோகும் வாக்கிடாக்கி எல்லாம் அந்த வரிசையில்.

முதல் வருடம் நன்றாகப் போயிற்று. இரண்டாவது வருடம் அவள் தன் தங்கை டாம்சினுடன் நெடுநேரம் பேச ஆரம்பித்தாள். பேசி முடித்து என்னைப் பார்க்கும் பார்வையில், ஊருக்குக் கிளம்புகிறவர்களின் அவசரம் இருந்தது. மனைவி யாருடன் பேசலாம், எவ்வளவு பேசலாம் என்று சொல்லும் ஆள் இல்லை நான். ஒரு நாளும் சொன்னதில்லை. மீட்டரின் அமைப்பில் பேட்டரியின் கொள்ளளவைப் பாதியாக மாற்றினேன். அவ்வளவுதான். பத்து சதவீதம் குறைந்தால் இருபது குறைந்ததாக அது காட்டும். அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

“நாப்பதுதான் இருக்கு, பாரு.”

“அய்யோ. நான்தான் ரொம்ப இழுத்துட்டேனா?” என்றாள்.

அதற்குப் பிறகு இடது வரிசைக்கு ஒரு சுவிட்ச் வைத்தேன், என் மேஜைக்கு அடியில். அவள் போனைச் சொருகிவிட்டுத் தூங்குவாள். நான் அணைப்பேன். அவள் எழுவதற்கு முன் மறுபடி போட்டுவிடுவேன். பிப்ரவரி வெக்கையில் அவளாகவே மின்விசிறியை நிறுத்தினாள். துண்டை நனைத்து நெஞ்சில் போட்டுக்கொண்டு படுத்தாள். பேட்டரி அப்போது நிரம்பி இருந்தது. நான் பக்கத்தில் படுத்து அவள் மூச்சைக் கேட்டுக்கொண்டிருப்பேன். அவள் எனக்காகச் சிரமப்படுகிறாள் என்பது எனக்கு ஆறுதலாக இருந்தது. அதை வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

எங்கள் விரிகுடாவில் தினமும் காலை ஏழரைக்கு பெவ் ரேடியோவில் ஒவ்வொரு படகாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நலம் கேட்பாள். அறுபது வயதுக்காரி, பெரிய இரட்டைப் படகில் இருந்தாள்.

“வராட்டா, இருக்கீங்களா? இல்ல மெழுகுவர்த்தி தேடுறீங்களா?”

“இருக்கோம் பெவ்” என்பாள் நெரிடா.

“கண்ணு, உன் வீட்டுக்காரன் இன்ஜினியருன்னு சொன்னாங்களே. எதுக்கு இன்ஜினியரு, தையல் மெஷினுக்கா?”

விரிகுடா முழுக்கச் சிரிக்கும். நெரிடா மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டாள். “அவன் பாத்துப் பாத்துச் செலவு பண்றதாலதான் எங்க வண்டி ஓடுது, பெவ்.”

பெவ்வின் காதுக்குத் தப்பிப் பேசுவதற்காக ஒவ்வொரு ஜோடியும் தனியாக ஒரு சேனல் வைத்துக்கொள்வது அங்கே வழக்கம். எங்களுடையது எழுபத்தேழு. பதினாறு என்பது ஆபத்துக்கு. அதில் எல்லாப் படகுகளும் காது வைத்திருக்கும்.

அன்று காலை அவள் போனில் ஒன்பது சதவீதம் இருந்தது.

“ராத்திரி பூரா சொருகித்தானே வெச்சிருந்தேன்?”

“நேத்து மேகம் போட்டிருந்துச்சு.”

“மேகமா? வெயில்ல மூக்குத் தோலு உரிஞ்சு நிக்கிறேன், இவன் மேகங்கிறான்.”

நானும் சிரித்தேன். அவள் தேநீரை முடித்துவிட்டுச் சொன்னாள். “ரீஸ், ஸ்கூல்ல திரும்ப வரச் சொல்றாங்க. இன்னிக்குள்ள பதில் சொல்லணும். குன்னு மேல ஏறினா சிக்னல் கிடைக்கும். ஒரு ‘சரி’ சொல்றதுக்கு ஒன்பது போதும்.”

“அப்ப நானு?”

“நீயும் வா. இல்ல, படகோட இரு. ரெண்டுல எதுன்னாலும் எனக்குச் சண்டை இல்ல.”

வாக்கிடாக்கியை எடுத்து இடுப்பில் மாட்டிக்கொண்டாள். அதுவும் இடது வரிசையில் இருந்தது என்பதை நான் யோசிக்கவில்லை என்று சொல்லத்தான் இங்கே வந்தேன். யோசித்தேன். திரையைப் பார்த்தேன். சார்ஜ் ஒரே ஒரு கட்டைதான். பழைய பேட்டரி. கேட்டுக்கொண்டிருக்க நாள் முழுக்க வரும். பட்டனை அழுத்திப் பேசினால் நாலு தடவைக்கு மேல் தாங்காது. என் மேஜையில், வலது வரிசையில், இன்னொன்று முழு சார்ஜில் இருந்தது. ‘ஜாக்கிரதை’ என்றேன். நான் அப்படிச் சொன்னதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ரப்பர் படகில் இறங்கும்போது, “மத்தியானத்துக்கு மீனை வறுத்து வை” என்றாள். அவள் கடைசியாகச் சொன்னது இதுதான் என்று உங்கள் கோப்பில் இருக்கிறது.

அந்தச் ‘சரி’யை அவள் சொல்லிவிட்டாள். பள்ளியில் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். சொன்ன கையோடு போன் அணைந்துவிட்டதாம்.

கரண்டை மிச்சம் பிடிக்கப் படகின் ரேடியோவை அணைத்து வைத்திருந்தேன் என்று உங்களிடம் சொன்னேன். பெவ்கூட உங்களிடம் சொன்னாள், அந்தப் படகுல எப்பவும் கரண்ட் பஞ்சம், பாவம் என்று. புதிதாக ஒரு பொய்கூடத் தேவைப்படவில்லை.

ரேடியோ போட்டுத்தான் இருந்தது.

பதினொன்று பத்துக்கு முதல் தடவை கூப்பிட்டாள். “ரீஸ், மோட்டார் நின்னுபோச்சு. தண்ணி இறங்குது, முனையத் தாண்டி இழுத்துட்டுப் போகுது. பெவ்வோட படகை எடுத்துட்டு வாயேன்.”

அன்று பௌர்ணமிக்கு அடுத்த நாள். கடல் வற்றும்போது அந்த முனையில் தண்ணீர் ஆற்று வெள்ளம் போல ஓடும். துடுப்புப் போட்டுத் திரும்ப முடியாது. பெவ்வின் மோட்டார் படகு ஐந்து நிமிடத்தில் போயிருக்கும். மைக்கைக் கையில் எடுத்தேன். பத்து நிமிடம் கழிக்கலாம் என்று தோன்றியது. பத்து நிமிடத்தில் ஒன்றும் ஆகாது. நான் இல்லாமல் என்ன ஆகும் என்பதை அவள் ஒரே ஒரு தடவை தெரிந்துகொள்ளட்டும். பிறகு நான் போவேன். அவள் என் தோளில் சாய்ந்துகொள்வாள். பள்ளிக்கூடத்துக்குத் திரும்பப் போன் போட்டு, வரவில்லை என்று சொல்வாள்.

காலையில் குடித்த இரண்டு கோப்பைகளையும் கழுவினேன்.

இரண்டாவது தடவை. “ரீஸ், கேக்குதா? நங்கூரம் போட்டேன், தரை எட்டல.”

கோப்பைகளைத் துடைத்து மாட்டினேன். தெற்கே மழை கறுத்துக்கொண்டு வந்தது.

மூன்றாவது தடவை. “விளையாடாத, ரீஸ்.”

அப்போது பட்டனில் விரலை வைத்துவிட்டேன். அழுத்த முடியவில்லை. இவ்வளவு நேரம் எங்கே போயிருந்தாய் என்று கேட்டால் சொல்வதற்கு என்னிடம் எதுவும் இல்லை. ஒவ்வொரு நிமிடமும் அதற்கு முந்தைய நிமிடத்துக்கு பதில் சொல்ல வேண்டியிருந்தது. கைவிரல் என்னுடையதுதான். ஆனாலும் நான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

நான்காவது தடவையும் பேசினாள். அதோடு வாக்கிடாக்கி செத்துவிட்டது.

பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது பதினாறாம் சேனலில், என் மனைவி கரையிலிருந்து இன்னும் திரும்பவில்லை என்று சொன்னேன். முதலில் கிளம்பிப் போனது பெவ்தான், கொட்டுகிற மழையில். ரப்பர் படகு கவிழ்ந்து கிடந்தது. நெரிடாவை இரண்டு நாள் கழித்து நீங்கள் கண்டெடுத்தீர்கள்.

போன வாரம் படகை வாங்கியவர் போன் செய்தார். “தம்பி, பேட்டரி வீக்குன்னீங்க. மீட்டரோட மெமரியப் பாத்தேன், வோல்டேஜ் ஒரு நாள்கூட இறங்கல. குத்துக்கல்லாட்டம் இருக்கு. கொள்ளளவப் பாதியாப் போட்டு வெச்சிருக்காங்களே, எந்த முட்டாள் பாத்த வேலை இது?”

“நான்தான்” என்றேன். அவர் சிரித்தார். அந்த வார்த்தையைச் சொன்ன பிறகு மற்றதையும் சொல்ல முடியும் என்று தோன்றியது.

ஒன்று மட்டும் எனக்குப் பிடி கிடைக்கவில்லை. நான்கு தடவையில் ஒரு தடவை அவள் பதினாறுக்குத் திருப்பியிருந்தால் போதும். விரிகுடா முழுக்க ஓடியிருக்கும். நான்கையும் எங்கள் சேனலிலேயே செலவழித்தாள். நான் வருவேன் என்று கடைசிவரை நம்பியிருக்கிறாள், அதற்குப் பெயர் அன்புதானே என்று இந்தப் பதினான்கு மாதமும் சொல்லிக்கொண்டேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

நான்காவது தடவை அவள் கத்தவில்லை, அழவில்லை. வகுப்பில் பேசுகிற குரல். எழுதிக்கொள்ளுங்கள்.

“நீ கேட்டுக்கிட்டுத்தான் இருக்க, ரீஸ், எனக்குத் தெரியும். பரவால்ல, கரண்ட மிச்சம் பண்ணிக்கோ.”