ஸ்க்ரூ மேல் வைத்த பொட்டு

நான் ஒரு நாளும் அந்தப் பெட்டியில் விளையாடியது கிடையாது. அதில் கார் ஓடும், பந்து உதைப்பார்கள், ஆளை ஆள் அடிப்பார்கள். சோதிக்கும்போது பார்த்ததோடு சரி. எனக்குத் தெரிந்ததெல்லாம் மூடிக்கு உள்ளே இருப்பதுதான்.

பெயர் மணவாளன். வயது அறுபத்தெட்டு. படிப்பு அஞ்சாவது. கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு ரூம் வைத்திருக்கிறேன், போர்டு கிடையாது. முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள், சொல்கிறேன். எழுதுகிற ஏட்டு நான் சொல்வதை மட்டும் எழுதட்டும். முடிந்ததும் ஒரு தடவை படித்துக் காட்டுங்கள். கேட்டுப் பார்க்காமல் நான் எதிலும் கையெழுத்துப் போடுவதில்லை.

கலியமூர்த்தி என் மனைவியின் தம்பி. சிதம்பரம் மேலவீதியில் செல்போன் கடை வைத்திருக்கிறான். 2005 வாக்கில் மஸ்கட், துபாய் போய் வருகிறவர்கள் வீடியோ கேம் பெட்டி கொண்டுவர ஆரம்பித்தார்கள். பரங்கிப்பேட்டையில் தெருவுக்கு நாலு இருந்தது. அந்தப் பெட்டியில் ஒரிஜினல் சிடி மட்டும்தான் ஓடும். நம் ஊரில் ஒரிஜினல் யாரிடம் இருக்கிறது? விரல் நகம் அளவு சிப் ஒன்றை உள்ளே வைத்து, இருபது ஒயரை சால்டர் செய்துவிட்டால், டூப்ளிகேட் சிடியை ஒரிஜினல் என்று பெட்டி நம்பிவிடும். கலியமூர்த்தி சென்னையிலிருந்து சிப் வாங்கி வருவான், பெட்டிக்குள் வைப்பான். நான் பார்ப்பேன். அதுதான் எங்கள் ஏற்பாடு.

பார்ப்பது என்றால் சும்மா பார்ப்பது இல்லை. சிப் வந்ததும் அதிலிருந்து ஒன்றை எடுத்து ஒரு பழைய பெட்டியில் வைத்து ஒரு பகல் முழுக்க ஓடவிடுவேன். அதன் மேல் விரலை வைத்துப் பத்து எண்ணுவேன். பத்துவரை விரல் தாங்கவில்லை என்றால் மொத்தமும் திரும்பிப் போகும். அவன் வேலை செய்த பெட்டிகள் வாரம் ஒரு நாள் பஸ்ஸில் எனக்கு வரும். ஒவ்வொரு ஒயரையும் ட்வீசரால் இழுத்துப் பார்ப்பேன். கரண்ட் வரும் ஒயர், உள்ளே மூடியிருக்கும் தகரத்தில் எங்கேயாவது உரசுகிறதா என்று பார்ப்பேன். மூடியதும் வெளியே தெரிகிற இரும்பிலெல்லாம் டெஸ்டர் வைப்பேன். ஒரு நாள் கலியமூர்த்தி பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, "எங்க அக்காவையும் டெஸ்டர் வெச்சுப் பாத்துட்டுத்தான் கட்டிக்கிட்டியா மாமா?" என்றான். நான் சிரிக்கவில்லை. உன்னைத்தான் வைத்துப் பார்க்க மறந்துவிட்டேன் என்று இப்போது சொல்லலாம். அன்று தோன்றவில்லை.

எல்லாம் சரியாக இருந்தால் பின்பக்கத்து ஸ்க்ரூவில் சிவப்பு நகப் பாலீஷால் ஒரு பொட்டு வைப்பேன். பாதி ஸ்க்ரூவில், பாதி பிளாஸ்டிக்கில். யாராவது திருகினால் பொட்டு உடைந்துவிடும். எனக்குப் பிறகு வேறு கை பட்டிருக்கிறதா என்று தெரிந்துகொள்வதற்காக வைத்தது. ஜனங்கள் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டார்கள். ஊருக்கு ஊர் அரைகுறை ஆட்கள் பெட்டியைத் திறந்து பாழாக்கிக்கொண்டிருந்த காலம். அதனால் சிதம்பரம் பக்கத்தில், "கடலூர் பெரியவரு பொட்டு இருக்குதா?" என்று கேட்டுத்தான் பெட்டியை வாங்கிப் போவார்களாம். கலியமூர்த்தியே சொன்னான். எனக்கு அதில் சந்தோஷம்தான், இல்லை என்று சொல்லவில்லை. அஞ்சாவது படித்தவன் வார்த்தைக்கு வேறு எங்கே அப்படி மதிப்பு இருந்தது?

2008 ஆடியில் வந்த சிப்பில் விரல் நாலுவரைகூடத் தாங்கவில்லை. திருப்பி அனுப்பு என்றேன். அனுப்பிவிட்டதாகச் சொன்னான். அதற்கப்புறம் பெட்டி வருவது குறைந்தது. வேலை டல் மாமா என்றான். நம்பினேன். யாரையும் நம்புகிற ஆள் இல்லை நான். அவனை நம்பினேன்.

கார்த்திகையில், புயல் மழைக்கு முதல் நாள், ஒரு பெண் ஒயர் கூடையில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பெயர் அருள்மொழி, ஊர் கீரப்பாளையம். நாற்பது வயது இருக்கும். சிதம்பரத்தில் கலியமூர்த்தி கடை பூட்டியிருந்ததாம், பக்கத்துக் கடையில் என் விலாசம் கேட்டு பஸ் ஏறி வந்திருக்கிறாள். தொட்டால் சுருக்கென்கிறது என்றாள். "நீங்க பொட்டு வெச்ச பொட்டிதான் ஐயா. அதான் உங்ககிட்டயே காட்டிடலாம்னு வந்தேன்."

திருப்பிப் பார்த்தேன். சிவப்புப் பொட்டு, ஸ்க்ரூவின் நட்ட நடுவில், சுமங்கலி நெற்றியில் வைத்தாற்போல் கொழுகொழுவென்று இருந்தது. பிளாஸ்டிக்கில் ஒரு சொட்டுகூட இல்லை. மூன்று வருஷமாக என் பொட்டைப் பார்த்துக்கொண்டிருந்த கலியமூர்த்தி, அது எதற்கு வைக்கிறது என்று ஒரு நாள்கூடக் கேட்டதில்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. என் பொட்டைத் திருடினதுகூட எனக்குப் பெரிதாகப் படவில்லை ஐயா. என்னவென்று தெரியாமல் திருடியிருக்கிறான்.

மூடியைத் திறந்தேன். நான் வேண்டாம் என்ற ஆடி மாதத்துச் சிப். அதற்கு இடம் பண்ண, கரண்ட் வரும் ஒயரைத் தகரத்தின் விளிம்புக்கு அடியில் தள்ளியிருந்தான். மேல் உறை நசுங்கி உள்ளே செம்பு மினுங்கியது. அந்தத் தகரமும், டிவிக்குப் போகும் ஒயரின் முனையில் இருக்கிற வளையமும் ஒன்றோடு ஒன்று சேர்ந்தவை. ஒயரை நகர்த்தி ஒரு அங்குல டேப் சுற்றினால் தீர்ந்தது. பத்து நிமிஷ வேலை.

அவள் ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தாள். புருஷன் சுப்பிரமணியன் மஸ்கட்டில் ட்ரெய்லர் ஓட்டுகிறானாம். லீவில் வந்தபோது இரண்டு பேரும் அந்தக் கார் ஆட்டத்தை ஆடியிருக்கிறார்கள். அவன் போன பிறகும் இவள் விடவில்லை. மத்தியானம் சமையல் முடிந்ததும் உட்கார்ந்துவிடுவாளாம், போனில் அவனுக்கு நேரம் சொல்வாளாம். "அவுரு மூணு நிமிஷம் அஞ்சு செகண்டு. நான் மூணு பத்து. இந்த வாரம் முந்திடுவேன் ஐயா. அங்க லாரி ஓட்டுறவரு இங்க காருல என்கிட்ட தோக்கப் போறாரு பாருங்க."

நான் சில கேள்விகள் கேட்டேன். டிவி எங்கே இருக்கிறது? முன் ரூமில். தரை என்ன? சிமெண்டு, மழை வந்தால் ஓதம் ஏறும். ஒயர் டிவியிலேயே சொருகி இருக்குமா? இல்லை, கேபிளுக்கும் இதுக்கும் ஒரே ஓட்டை, ஒவ்வொரு தடவையும் பிடுங்கிச் சொருகணும். வீட்டுக்குள் செருப்புப் போடுவாயா என்று கேட்டேன். சிரித்தாள். "வீட்டுக்குள்ள யாராவது செருப்பு போடுவாங்களா ஐயா?"

நான் யோசித்தது இதுதான். சரி பண்ணிக் கொடுத்தால் கலியமூர்த்தி வைத்த பொய்ப் பொட்டை நானே மெய்யாக்கினதாகிவிடும். உண்மையைச் சொன்னால் அவள் நேராக அவன் கடைக்குப் போவாள். அவன் காலில் விழாத குறையாகப் பேசி, வேறு சிப் வைத்துக் கொடுத்து, அடுத்த வாரமே மறுபடி பாலீஷ் பாட்டிலைத் திறப்பான். பேச்சில் அவனை யாரும் ஜெயிக்க முடியாது. பேசி மாற்ற முடியாத ஒன்று நடந்தால்தான் அவன் அகப்படுவான். அந்தப் பெண் ஒரு ஷாக் அடி வாங்கினால் ஊர் அவனைக் கேட்கும் என்று நினைத்தேன். கை உதறுகிற அளவு அடி. அந்த அளவோடு நிற்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மூடினேன். ஸ்க்ரூவை இறுக்கும்போது தகரம் இன்னும் ஒரு நூல் கீழே இறங்கும் என்று தெரியும். எட்டு ஸ்க்ரூவையும் இறுக்கினேன்.

"ஒண்ணுமில்லம்மா, பொட்டி நல்லா இருக்கு. எல்லாப் பொட்டியும் கொஞ்சம் சுருக்குங்கும்" என்றேன்.

நான் திருகினதில் அவன் வைத்த பொட்டு சுரண்டிப் போயிருந்தது. அவள்தான் பார்த்துச் சொன்னாள். "பொட்டு போயிடுச்சே ஐயா. நீங்க ஒண்ணு வெச்சுக் குடுத்துட்டா எனக்கு மனசு தைரியமா இருக்கும்." வைத்துக் கொடுத்தேன். காசு நீட்டினாள், வாங்கவில்லை. வேலை செய்யாததற்குக் காசு வாங்குகிற பழக்கம் எனக்கு இல்லை.

நேற்று நீங்கள் ஒன்று சொன்னீர்கள். தப்பெல்லாம் தன்னுடையது, மாமாவுக்கு ஒன்றும் தெரியாது, அவரை விட்டுவிடுங்கள் என்று கலியமூர்த்தி அழுகிறானாம். பெட்டியில் இருக்கிற பொட்டும் தான் வைத்ததுதான் என்று எழுதிக் கொடுத்திருக்கிறானாம். அதைக் கேட்டுத்தான் இன்றைக்கு நானாகவே வந்தேன். என்னைக் காப்பாற்ற அவன் யார்? முதலில் தன் பொட்டை என்னுடையது என்றான், இப்போது என் பொட்டைத் தன்னுடையது என்கிறான். மாமாவுக்குத் தெரியாது என்பதும் பொய். எனக்குத் தெரியாமல் அந்தப் பெட்டியில் ஒன்றும் இல்லை.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அவள் போன மறுநாள் மழை பிடித்தது. மூன்று நாள் விடவில்லை, கரண்டும் இல்லை. நாலாம் நாள் காலையில் வெறித்ததும் நான் சிதம்பரத்துக்கு பஸ் ஏறினேன். கீரப்பாளையம் போய் அந்தப் பெண்ணிடம் சொல்லிவிட்டு வரத்தான் கிளம்பினேன் என்று என் மனைவியிடம் சொன்னேன். உங்களிடமும் அப்படியே சொல்லலாம் என்றுதான் இருந்தேன். சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் கீரப்பாளையம் வழியாகப் போகிற வண்டி நின்றது. அங்கே கரண்ட் வந்துவிட்டதா என்று கண்டக்டரைக் கேட்டேன். இன்னும் இல்லை, சாயங்காலத்துக்குள் வந்துவிடும் என்றார். உட்கார இடமும் இருந்தது.

நான் ஏறவில்லை. மேலவீதிக்கு நடந்து போய், கலியமூர்த்தி கடைக்கு எதிரில் டீக்கடை பெஞ்சில் ஒரு மணிவரை உட்கார்ந்திருந்தேன். அவன் ஈரமான சாமான்களை வெளியே எடுத்துக் காயவைத்துக்கொண்டிருந்தான், என்னைப் பார்க்கவில்லை. உங்கள் ஜீப் அந்தத் தெருவுக்குள் எந்தப் பக்கத்திலிருந்து திரும்பும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். பிறகு கடலூர் பஸ் பிடித்து வீட்டுக்கு வந்து சாப்பிட்டேன்.

அருள்மொழி இறந்தது அன்று சாயங்காலம் நாலரை மணிக்கு என்று நீங்கள்தான் சொன்னீர்கள்.