இடது ஓரத்துப் பேர்கள்

— பதிலைப் படிக்காதேடா, கேள்வியைப் படி. பதிலெல்லாம் நான் தூக்கத்துலயே டைப் அடிப்பேன்.

— அக்கா, பத்தாவதுல வரலாறுல முப்பத்தஞ்சு மார்க் எடுத்தவன் நான். அதுவும் முன் பெஞ்சுக்காரன் முதுகு ஒல்லியா இருந்ததால. என் முன்னாடி ஒன்பது வருஷத்து நிருபர் கூட்ட ஃபைலை அடுக்கினா எப்படி?

— அதிபர் சொன்னது, நிருபருங்க கேட்டது, எல்லாம் நான் டைப் அடிச்சது. நீ நிருபராகி ஆறு மாசம்தான். மூணு மணிக்கு அவர் முன்னாடி எழுந்து நிக்கறதுக்குள்ள இதைக் கத்துக்கோ. முதல் ஃபைல், எல்லைச் சண்டை. என்ன சொல்றார்?

— ‘அது சண்டை இல்ல, ராணுவப் பயிற்சி.’ அடைப்புக்குறிக்குள்ள ‘சிரிப்பு’. இதுக்குப் போய் யாரு சிரிச்சா?

— யாரும் சிரிக்கல. அவர் கண்ணாடியைக் கழட்டினா சிரிப்புன்னு போடணும். ஆபீஸ் வழக்கம். அடுத்த பக்கம்.

— ‘சின்ன உரசல்.’ மறுபடி சிரிப்பு. அப்புறம் ஒருத்தர் கேக்கறார்: ‘சின்ன உரசலுக்கு ராணுவ ஆஸ்பத்திரியில எதுக்கு முந்நூறு புதுக் கட்டில்?’ அடேங்கப்பா, ஆளு கில்லாடி!

— துறைமுகப் பத்திரிகைக்காரர். அவர் கேட்டுத்தான் போர் நடக்குதுன்னு எனக்கே தெரிஞ்சது. இப்ப இடது ஓரத்துல பேரை மட்டும் பாரு. அடுத்த கூட்டம்.

— அவர் பேரு இல்ல. லீவா இருக்கும்.

— அதுக்கடுத்தது?

— இல்ல. நீள லீவு போல.

— மருந்து விலை கேட்ட அம்மா? ஓட்டுப் பெட்டியைப் பத்திக் கேட்ட சோடாபுட்டிக் கண்ணாடிக்காரர்? விரலை வெச்சுத் தேடு.

— இல்லக்கா. கேட்ட தேதிக்கப்புறம் ஒருத்தர் பேரும் இல்ல. வியர்க்குது, ஜன்னலைத் திற.

— நான் வேலைக்குச் சேர்ந்ததுல இருந்து அது திறக்காது.

— இருந்தாலும் நான் கேக்கணும்க்கா. சுரங்கம் இடிஞ்சு மூணு நாள். எல்லாரும் மேல வந்துட்டாங்கன்னு அறிக்கை விட்டு, தோண்டறதையும் நிறுத்திட்டாங்க. விளக்கு அறைக்குப் போனேன். இறங்கறவன் ஆளுக்கொரு விளக்கை எடுத்துட்டுப் போவான், ஏறி வந்ததும் அதே ஆணியில மாட்டுவான். நாப்பத்தோரு ஆணி காலி. ‘அந்த விளக்கெல்லாம் எங்க?’ அவ்வளவுதான் என் கேள்வி.

— வேற எவனாவது கேக்கட்டும்.

— வேற எவனும் அங்க போகல. நானே கழிப்பறை தேடிப் போய்த்தான் அந்த அறையில நுழைஞ்சேன். உள்ளே இருந்து தட்டற சத்தம் கேட்டுச்சுன்னு ஒருத்தரோட பொண்டாட்டி சொன்னாங்கக்கா.

— அம்மா போனப்புறம் உனக்குத் தலை வாரி விட்டவ சொல்றேன். கேக்காதேடா. கால்பந்து பத்திக் கேளு, அவருக்குப் பிடிக்கும். உன் பேரு இல்லாத பக்கத்தை நான் எப்படிடா டைப் அடிப்பேன்?

— அழாதே. சரி, கேக்கல. இந்தா, கேள்வி எழுதின சீட்டைக் கிழிச்சாச்சு. பெரிய வீரன்தான், அக்கா மூக்கை உறிஞ்சினதும் நாப்பத்தோரு பேரைக் கைவிடற வீரன். கால்பந்தே கேக்கறேன், போதுமா? இன்னும் எதுக்கு அழற?

— கூட்டத்துக்கு யார் யார் வருவாங்கன்னு காலையிலயே பட்டியல் வந்துடும். பேரை முன்கூட்டியே அடிச்சு வெக்கணும். எப்பவும் முப்பது பேரு. இன்னிக்கு இருபத்தொன்பது.

— யாரு இல்ல?

— இந்தா பட்டியல். நீயே விரலை வெச்சுத் தேடு.

— என் பேருதான் இல்ல. நாற்காலி இல்லேன்னா ஸ்டூலாவது போடுவாங்களா? அக்கா, வாயைத் திற. தெரிஞ்சுக்கிட்டே எதுக்கு இவ்வளவு நேரம் பாடம் நடத்தின?

— நீ விளக்கு அறைக்குப் போனதை அதிபரோட ஆளுங்க பார்த்துட்டாங்க. கேக்க மாட்டேன்னு உன் வாயால வந்துட்டா விட்டுடுவாங்கன்னு நம்பினேன்டா. அவங்க வர்ற வரைக்கும் உன்னை இங்கேயே உக்கார வெச்சுக்கச் சொன்னாங்க... பின்பக்கப் படிக்கட்டு, ஓடு!