ஒரு நிமிடத்தில் மண்ணரிப்பு

பச்சையம்மா: இன்னொரு வாட்டி அந்த வீடியோவ டிவியில போடுங்க சார்.

சதீஸ்குமார்: மூணு வாட்டி பாத்துட்டீங்கம்மா. பசங்க வெளிய நிக்குது, கிளாஸ் எடுக்கணும்...

பச்சையம்மா: நிக்கட்டும். என் கொல்லைய, நான் பயிர் வெக்கிற நெலத்தத்தான பாக்கறேன்.

சதீஸ்குமார்: உங்க கொல்லைன்னு அதுல எங்கயும் சொல்லலியே. பேரு இல்ல, ஊரு இல்ல. எட்டாங்கிளாஸ் பாடம். 'ஒரு நிமிடத்தில் மண்ணரிப்பு', அவ்ளோதான்.

பச்சையம்மா: பலாமரம் தெரியுதே. அடியிலேயே ரெண்டா பிரிஞ்ச பலா இந்த மலையில வேற யார் கொல்லையில கீது? புதூர்நாட்டு ஜீப்புல ஏறுனா, 'சினிமாக்காரி வந்துட்டா, இடம் வுடுங்கடி'ன்றாளுங்க.

சதீஸ்குமார்: சும்மா தமாஷுக்கு...

பச்சையம்மா: தமாஷு இருக்கட்டும். அதுல பேசுற கொரலு யாருது?

சதீஸ்குமார்: ...நிவேதாவுது. கணீர்னு பேசுற பொண்ணு, அதான்...

பச்சையம்மா: என் பொண்ண வெச்சே என்னப் பத்திச் சொல்ல வெச்சிட்டீங்க. 'இந்த விவசாயி சரிவுக்கு நேராக உழுததால் மேல்மண் முழுவதும் அடித்துச் செல்லப்பட்டது.' பாருங்க, எனக்கே மனப்பாடம் ஆயிடுச்சி.

சதீஸ்குமார்: அது பொய்யாம்மா? நீங்க நேராத்தான ஓட்டனீங்க?

பச்சையம்மா: ஆமா. மாடு செத்துப்போச்சி. டிராக்டர்காரன் குறுக்க ஓட்டுனா வண்டி சாஞ்சிடும்ன்றான். மேலேர்ந்து கீழதான் ஓட்டுவான். அதுல கொஞ்சம் மண்ணு போவும், இல்லேங்கல. அதுக்காக ஆளு எறங்குனா தலை தெரியாத பள்ளம் வுழுமா? போன வருசமும் அப்டித்தான் ஓட்னேன். வுழுந்துச்சா?

சதீஸ்குமார்: இந்த வருசம் மழை ஜாஸ்தி...

பச்சையம்மா: இந்த வருசம் ரோடு போட்டாங்க. அத வுட்டுட்டீங்க. மேல வர்ற தண்ணிய எல்லாம் ஒண்ணா சேத்து, ரோட்டுக்கு அடியில குழா போட்டு, அது வாய என் கொல்லைப் பக்கம் திருப்பி வெச்சிட்டுப் போய்ட்டான் காண்ட்ராக்டரு. ஓடையில வுட்டா இன்னும் நாலு குழா போடணுமில்ல, அந்தக் கணக்கு. குழாய ஓடைப் பக்கம் திருப்பச் சொல்லுங்கன்னு ரோட்டு ஆபீசருகிட்ட போய் நின்னேன். அவரு இன்னா பண்ணாரு தெரியுமா?

சதீஸ்குமார்: இன்னா பண்ணாரு?

பச்சையம்மா: போன எடுத்து இந்த வீடியோவத்தான் காட்றாரு. 'உன் பொண்ணே சொல்லுதேம்மா, எல்லாம் நீ உழுத லட்சணம்'ன்றாரு. சுத்தி நின்னவன்லாம் சிரிக்கிறான். அடுத்த மழையில மிச்சக் கொல்லையும் போச்சின்னா நான் எதுல சாமை வெதைக்கிறது? இந்த டிவி மேலயா?

சதீஸ்குமார்: நான் அவருக்கு அனுப்பலம்மா. சத்தியமா.

பச்சையம்மா: யாரு அனுப்பியிருப்பான்னு உங்களுக்குத் தெரியாதா?

சதீஸ்குமார்: ...இருட்டிக்கினு வருது. பெரிய மழையா வரும் போல. கெளம்புங்கம்மா, அப்புறமா பேசலாம்.

பச்சையம்மா: வரட்டும்.

சதீஸ்குமார்: வந்தா உங்க கொல்லைதானம்மா போவும்?

பச்சையம்மா: வரட்டும்ன்றேன். நீங்க இதுக்குச் சொல்லுங்க. நிவேதா அந்தக் குழாயப் பத்தியும் பேசுச்சாமே. அதுக்கு முன்னால நின்னு, கைய நீட்டி. அது எங்க?

சதீஸ்குமார்: நீளமாயிடுச்சிம்மா. ஒரு நிமிஷத்துக்கு மேல போனா பசங்க பாக்காதுங்க, அதனால வெட்டி...

பச்சையம்மா: ஒரு நிமிஷத்துல என் மானத்த வாங்க எடம் இருந்துச்சி. குழாய்க்கு எடமில்ல.

சதீஸ்குமார்: அப்டி இல்ல...

பச்சையம்மா: இந்த டிவி யாரு குடுத்தது சார்?

சதீஸ்குமார்: நன்கொடை.

பச்சையம்மா: யாருன்னு கேட்டேன்.

சதீஸ்குமார்: ...காண்ட்ராக்டர்தான். தெரிஞ்சிக்கினே கேக்கறீங்க.

பச்சையம்மா: உங்க வாயால வரட்டும்னு கேக்கறேன்.

சதீஸ்குமார்: மொதல்ல முழுசாத்தாம்மா போட்டேன். டிவி தொறந்து வெச்ச அன்னிக்கி, அவரு முன்னாலயே. மூஞ்சே மாறிப்போச்சி. சாயங்காலம் போன் பண்ணி, 'நீ குழாய எடு, இல்லன்னா நான் டிவிய எடுத்துடறேன்'னாரு. நான் இன்னா பண்றது? சூரியன், சந்திரன், கிரகணம் எல்லாத்தையும் இந்தப் பசங்க இதுலதான் பாக்குது.

பச்சையம்மா: கீழ உங்க ஊரு ஒடுகத்தூர்ல வேணும்னா சந்திரனப் பாக்க டிவி வேணும் சார். இங்க தலையத் தூக்குனா போதும்.

சதீஸ்குமார்: கிண்டல் பண்ணுங்க...

பச்சையம்மா: கிண்டலா... அந்தப் பொண்ணு சோறு துன்னல. 'நான் குழாயச் சொன்னேம்மா, சார் வெட்டிட்டாரு'ன்னு ஒரே அழுவ. அன்னிக்கி நான் நம்பல. ஊரே சிரிக்குதேன்னு ஆத்திரத்துல கை நீட்டிட்டேன்.

சதீஸ்குமார்: அதான் ரெண்டு நாளா ஸ்கூலுக்கு வரலியா? காய்ச்சல்னு சொல்லி அனுப்பனீங்க.

பச்சையம்மா: காய்ச்சல்தான்.

சதீஸ்குமார்: அந்த முழு வீடியோ இப்ப என்கிட்ட இல்லம்மா. அழிச்சிட்டேன். இருந்திருந்தா...

பச்சையம்மா: இருந்திருந்தா குடுத்திருப்பீங்களா? வீடியோ போனாப் போவுது. ஆபீசரு வந்து கேட்டா, பள்ளம் வுழுந்தது குழாத் தண்ணியாலன்னு நீங்க வாயால சொல்வீங்களா?

சதீஸ்குமார்: நான் தற்காலிக வாத்தியாரும்மா. ஒரு போன் போட்டா என்ன வூட்டுக்கு அனுப்பிடுவாங்க. என்ன வுட்டுடுங்க.

பச்சையம்மா: சரி. வுட்டுட்டேன்.

சதீஸ்குமார்: எங்க கெளம்பறீங்க? மழை கொட்டுது பாருங்க... வாசல்ல நிக்காதீங்க, உள்ள வாங்க. காய்ச்சலோட பொண்ணு வூட்ல தனியா வேற இருக்கும்.

பச்சையம்மா: அதுக்குக் காய்ச்சலும் இல்ல, ஒண்ணும் இல்ல சார். என் போன வெச்சிக்கினு, அது மாமன் குடை பிடிக்க, காலையிலேர்ந்து குழாய்க்கு எதிர்ல மேட்டுமேல நிக்குது... எப்படா மழை வரும்னு. நீங்க வெட்டிப்போட்ட பாடத்த, தண்ணி வந்து வுழறப்பவே வீடியோவா எடுக்கப்போவுதாம். எவ்ளோ நீளம் ஆனாலும் வெட்டாதடின்னு சொல்லிட்டுத்தான் வந்தேன்.