ஈரத்துக்குக் கழிவு

புளத்கொகுபிட்டியவிலிருந்து கேகாலைக்குப் போகிற பஸ். வெளியே நல்ல மழை. எனக்கு முன் சீட்டில் தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் இரண்டு பேர். மூத்தவள் மடியில், இழுப்புக்காரர்கள் மூச்சின் பலத்தை ஊதிப் பார்க்கிற பிளாஸ்டிக் குழாய் கிடந்தது.

"என் மூச்சுலயும் ஈரத்துக்குக் கழிச்சிட்டாருடி எங்க வீட்டு மனுசன்."

"என்னக்கா சொல்றீங்க?"

"காலையிலயும் அந்தியிலயும் இதுல ஊதணும். எனக்குக் கண்ணு மங்கல். ஊதுறது நானு, நம்பரைப் பாத்து கிளினிக்குக்குப் போன்ல சொல்றது அவரு. அதைக் கேட்டு டொக்டர் பதறிப்போயி, என்னய வார்ட்ல நிப்பாட்டப் பாத்தாரு."

"அய்யோ! அப்புறம்?"

"டொக்டர் முன்னால ஊதினேன். நல்லாத்தான் ஏறுச்சு. வீட்டுல மட்டும் ஏன் இவ்வளவு கொறச்சல்னு கேட்டாரு. நம்ம ஆளு நெஞ்ச நிமித்திக்கிட்டு சொல்றாரு, 'மழ நாளுங்க சார். ஊதுறப்ப எச்சியும் சேந்து போகுதுல்ல? ஈரத்துக்குக் கழிச்சேன்.'"

சின்னவள் சிரித்த சிரிப்பில் கண்டக்டரே திரும்பிப் பார்த்தார்.

"அண்ணன் வேலைய விட்டும் தராசுப் புத்தி விடலியே! மடுவக் கொட்டகையில நின்னு நம்ம கொழுந்த நிறுக்கிறப்ப, சாக்குக்கும் ஈரத்துக்கும் கழிச்சது பத்தாதாமா?"

"அதான் இப்ப மகள நம்பர் பாக்கச் சொல்லிட்டேன். நேத்து அவரையும் ஊத வச்சோம்."

"எவ்வளவு வந்துச்சு?"

"வந்ததுல பீடிக்குக் கழிச்சுப் பாத்தேன். மனுசன் செத்து ரொம்ப நாளாச்சு."