ஓரகத்திகளின் எண்ணெய்

எனக்குக் கருவாட்டு வாசனை பிடிக்கும் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், இன்ஸ்பெக்டர் ஐயா. பாப்பாரப்பட்டிச் சந்தையில் கருவாட்டுக்காரி என்னைக் கண்டாலே எழுந்து நிற்பாள். நல்லெண்ணெயில் கருவாட்டை ஊறவைத்தால் சுறா மீன் எண்ணெய் போலவே நாறும் என்று கண்டுபிடித்தது நான்தான். என் ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் சவுரியப்பன் மூக்கைப் பொத்திக்கொண்டு வடிகட்டுவான். உங்களிடம் கோள் சொன்னவனும் அவனாகத்தான் இருக்கும்.

மாதவிலக்கு நின்ற பெண்களுக்கு இடுப்பெலும்பு நொந்து நடை கோணிப்போவதை ஒருவரும் ஆராயவில்லை ஐயா. பிள்ளை பெறுகிற வரைதான் பெண்ணுக்கு வைத்தியம். அந்தக் கோபத்தில்தான் தொடங்கினேன். பாதிப் பேருக்குச் சுறா எண்ணெய், மீதிப் பேருக்கு என் கருவாட்டு எண்ணெய். இரண்டையும் ஒப்பிட்டால்தானே மருந்தின் யோக்கியதை தெரியும்?

தீர்த்தம்மாளும் பாஞ்சாலியும் அண்ணன் தம்பியைக் கட்டிய ஓரகத்திகள். மூத்தவள் தீர்த்தம்மாளுக்குச் சுறா, இளையவள் பாஞ்சாலிக்குக் கருவாடு. ஒருத்தி நிமிர வேண்டும், மற்றவள் நொண்ட வேண்டும். இரண்டு பேரும் ஒரே மாதிரி அரைகுறையாக நிமிர்ந்து வந்து நின்றார்கள். விசாரித்தால், இரண்டு புட்டியையும் ஒரே சட்டியில் கலந்து குடித்திருக்கிறார்கள்.

"ஒரே வூடு, ஒரே அடுப்புங்க டாக்டரம்மா. மருந்துல மட்டும் என்னங்க உன்னுது என்னுது?" என்று பாஞ்சாலி சிரித்தாள்.

சிரிப்பு அழகாகத்தான் இருந்தது. என் ஆராய்ச்சி என்னாவது? மிரட்டிப் பார்த்தேன், கேட்கவில்லை. பிறகு பாஞ்சாலியைத் தனியே அழைத்து ஒரே ஒரு பொய் சொன்னேன்.

"நீ இன்னும் எத்தனை நாளைக்கு இருப்பேன்னு உங்கக்கா கேட்டா. உனக்குத்தான் பிள்ளை இல்லையே, உன் பங்கு நெலம் அவ பசங்களுக்குத்தானாமே?"

அந்த வாரமே வீட்டுக்கு நடுவில் சுவர் எழும்பியது. அடுப்பு இரண்டானது. மருந்தும் கலக்கவில்லை. தீர்த்தம்மாள் தலைச்சுமையோடு சந்தைக்கு நடந்து வந்தாள். பாஞ்சாலி சுவரைப் பிடித்து நடந்தாள், பிறகு கோலூன்றி நடந்தாள், ஒருநாள் கிணற்றடியில் விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டு படுத்துவிட்டாள். இவ்வளவு தெளிவான முடிவை மதராஸில்கூட யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

தீர்த்தம்மாள் தன் புட்டியை எடுத்துக்கொண்டு என்னிடம் ஓடி வந்தாள்.

"நான் குடுத்தா தொடமாட்டாளுங்க. நீங்க குடுக்கற மாதிரி குடுங்க. அவளுக்கு நான் என்னா பண்ணேன்னே தெரியலைங்க" என்று அழுதாள். அதன்பின் ஒவ்வொரு புட்டியையும் அப்படியே கொண்டுவந்து வைத்தாள். அவள் ஏற்கெனவே தேறிவிட்டதால் ஆராய்ச்சிக்கு நஷ்டமில்லை.

வாங்கி வைத்துக்கொண்டேன். பாஞ்சாலிக்குக் கொடுத்தால் ஒப்பீடு கெட்டுவிடும். கொட்டவும் மனம் வரவில்லை. யுத்த காலத்தில் சுறா எண்ணெய் கிடைப்பதே அருமை. எனக்கும் ஐம்பது தாண்டி இடுப்பு நோகத் தொடங்கியிருந்தது. நானே குடித்தேன்.

தை பிறக்கும் முன் பாஞ்சாலி போய்ச் சேர்ந்தாள். கொன்றது நான்தான் என்று எழுதிக்கொள்ளுங்கள், மறுக்கவில்லை. சாவு வீட்டில் தீர்த்தம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எம் மருந்த அவ குடிச்சாளாங்க?"

"கடைசிச் சொட்டு வரைக்கும் குடிச்சா" என்றேன். அவள் முகம் தெளிந்தது. அந்த ஆறுதலைக் கொடுத்தவள் நான். அதையும் சேர்த்து எழுதுங்கள் ஐயா, அதுவும் வைத்தியம்தானே.